சின்னப் பாய்ப்படகுக்கு எந்த ரேடியோ? முதல்ல தண்ணித் தொட்டிக்க போட்டுப் பாருங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன மாசம் உங்கட வாசகர் பக்கத்தில ஒரு தம்பி கேட்டிருந்தவர், 14 அடிப் பாய்ப்படகு ஒண்டு வச்சிருக்கிறன், கையில பிடிக்கிற கடல் ரேடியோ வாங்கப்போறன், அனுப்புற பவர் 5 வாட் எடுக்கிறதோ 6 வாட் எடுக்கிறதோ எண்டு. இண்டைக்குப் பதில் வரும் நாளைக்கு வரும் எண்டு பாத்துக்கொண்டிருந்தன், ஒருத்தரும் எழுதேல்ல, அதால நானே எழுதிறன். நான் பென்சன் எடுத்த கணக்கு வாத்தியார், இருக்கிறது காரைநகரில, 16 அடி பைபர் வள்ளம் ஒண்டுக்குப் பாய் கட்டி ஓடித் திரியிறன், மீன் பிடிக்கிறேல்ல, சும்மா ஓடுறதுதான், மனுசிக்கு அது இப்பவும் விளங்கேல்ல.

தம்பி குறை நினைக்கக்கூடாது, கேள்வியே பிழை. 5க்கும் 6க்கும் உள்ள வித்தியாசம் காதுக்குத் தெரியாது. கடலில பாவிக்கிற விஎச்எஃப் ரேடியோ (156 மெகாஹேர்ட்ஸ் பக்கத்தில வேலை செய்யிறது) நேர்கோட்டில போற சாமான், கடல் வளைஞ்சிருக்கிறதால ஒரு அளவுக்கு அங்கால அலை தலைக்கு மேலால போயிடும். தூரத்தில போற கப்பலின்ர அடி மறைஞ்சு மேல்பாகம் மட்டும் தெரியுமெல்லே, அதே கதைதான். கணக்கு லேசு, அன்டெனா கடல் மட்டத்தில இருந்து எத்தினை மீற்றர் உயரம் எண்டு பாத்து அதுக்கு வர்க்கமூலம் எடுத்து 4 ஆல பெருக்கினா கிட்டத்தட்டக் கிலோமீற்றர் வரும், ரண்டு பக்கத்துக்கும் அப்பிடிச் செய்து கூட்ட வேணும். வள்ளத்தில இருந்துகொண்டு கதைக்கேக்க ரேடியோ ஒரு மீற்றர் உயரத்தில நிக்கும், அப்ப 4. மற்ற வள்ளத்தில இருக்கிறவரும் அப்பிடியெண்டா அவருக்கும் 4. ஆக 8 கிலோமீற்றர், அதுவும் கணக்கில வாற 8, அலையும் ஆக்களும் மறைச்சா இன்னும் குறையும். அதே நேரம் 16 மீற்றர் உயரத்தில அன்டெனா வச்ச ஒரு கப்பல் நிண்டா அதுக்கு 16, என்ர 4, எல்லாமா 20 கிலோமீற்றர். என்ர கையில இருக்கிறது அதே 5 வாட்தான். எழும்பி நிண்டு 2 மீற்றர் உயரத்தில பிடிச்சாலே என்ர 4 கிட்டத்தட்ட 6 ஆகும், ஆனா அலை அடிக்கேக்க 14 அடி வள்ளத்தில எழும்பி நிக்கச் சொல்லி நான் சொல்லமாட்டன். ரேடியோவை நேரா நிமித்திப் பிடிக்கவேணும், பீடி பிடிக்கிற மாதிரிச் சரிச்சுப் பிடிச்சாலும் சிக்னல் குறையும்.

சரி அப்ப என்னத்தைப் பாத்து வாங்கிறது? நான் சொல்லுறது முதலாவது மிதக்கவேணும், ரண்டாவது மிதக்கவேணும், மிச்சத்தைப் பேந்து பாப்பம். நான் முதல் வாங்கினது ஒரு சீப்பான வாக்கி டாக்கி, பேர் வேண்டாம், கடைக்காரர் சொன்னவர் இது எல்லா சனலும் பிடிக்கும் மாஸ்டர் எண்டு. பிடிச்சதுதான். ஆனா அது கரையில நிக்கிற ஆக்களுக்குச் செய்த சாமான், சோளகம் பெலத்து வீசின ஒரு நாள் அனலைதீவுப் பக்கம் போகேக்க அணியத்தால ஏறின தண்ணி ஒரு வாளி மேல விழுந்துது, அவ்வளவுதான், ரண்டு நாளில சார்ஜ் போடுற இடம் பச்சைக் களிம்பு பிடிச்சுச் செத்துப்போச்சு. கடல் ரேடியோ எண்டு வாங்கினா பெட்டியில ஐபிஎக்ஸ் 7 எண்டாவது போட்டிருக்கும், ஒரு மீற்றர் ஆழத்தில அரை மணித்தியாலம் கிடந்தாலும் தண்ணி போகாது எண்டது அதின்ர கருத்து. ஐபிஎக்ஸ் 8 எண்டா அதுக்கும் மேல. ஆனா தண்ணி போகாததும் மிதக்கிறதும் ரண்டு வேற விசயம், இதைக் கனபேர் குழப்புகினம், நல்ல விலையான சின்ன செட்டுகள் சிலது தண்ணி போகாம வடிவா அடிக்குப் போயிடும். எங்கட களப்பெண்டா இடுப்பளவு தண்ணியில தேடி எடுக்கலாம், நெடுந்தீவுக்குப் போற வழியில விழுந்தா எடுக்கேலாது. ஐகொம் எம்25 மிதக்கும், ஸ்டாண்டர்ட் ஹொரைசன் எச்எக்ஸ்890 மிதக்கும், இன்னும் இருக்கு, நான் ஒருத்தருக்கும் விளம்பரம் செய்யேல்ல. எதை வாங்கினாலும் வாங்கின அண்டைக்கே கிணத்தடித் தொட்டிக்க போட்டுப் பாருங்கோ, கடையில போடவிட்டா இன்னும் நல்லம், விடாயினம்.

மிதந்தாலும் உடம்போட கட்டி வையுங்கோ. நான் ரண்டாந்தரம் வாங்கினது நல்ல செட், அதைப் பத்திரமா ஒரு பிளாஸ்டிக் பெட்டியில போட்டு இருக்கைக்குக் கீழ வச்சிட்டு ஓடினனான். எங்கட ஆக்களின்ர பழக்கம் அது, நல்ல சாமானைப் பொத்திப் பொத்தி வைக்கிறது. வள்ளம் சரிஞ்சு நான் தண்ணிக்க, பாய் தண்ணிக்க, ரேடியோ மட்டும் நனையாத இடத்தில சுகமா இருக்கு, கை எட்டேல்ல. முக்கால் மணித்தியாலம் வள்ளத்தைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தன், களங்கட்டி (மீன் பிடிக்கக் கடலில கட்டுற அடைப்பு) பாக்கப் போன ஒரு ஐயா தற்செயலா கண்டபடியால இந்தக் கடிதம் எழுதிறன். அவர் கேட்டார், வாத்தியார் போன் இல்லையோ எண்டு. போன் இருந்தது, பொக்கெற்றுக்க, தண்ணி குடிச்சுக்கொண்டு. இப்ப ரேடியோ லைவ் ஜாக்கெற்றில நெஞ்சுக்குக் கிட்டக் கயிறு போட்டுத் தொங்குது.

போன் இருக்கேக்க ரேடியோ என்னத்துக்கு எண்டு கேக்கிற ஆக்களுக்கும் ஒண்டு சொல்லவேணும், போன் எடுத்தா ஒருத்தர்தான் எடுப்பார், அவரும் எடுத்தாத்தான். 16 ஆம் சனலில கதைச்சா சுத்திவர ரேடியோ போட்டு வச்சிருக்கிற எல்லாருக்கும் ஒரேயடியாக் கேக்கும். உலகம் முழுக்க 16 தான் ஆபத்துக்கும் கூப்பிடுறதுக்குமான சனல், அதில ஊர்ப்புதினம் கதைக்கிறேல்ல, கூப்பிட்டிட்டு வேற சனலுக்கு மாறவேணும். செட் வாங்கேக்க 16 க்கெண்டு தனி பட்டன் இருக்கோ பாருங்கோ, நடுங்கிற கையால 1 தொடக்கம் திருகிக்கொண்டு போக நேரம் வராது. ஆபத்தெண்டா மேடே (ரேடியோவில உதவி கேக்கிற சொல்) எண்டு மூண்டு தரம், வள்ளத்தின்ர பேர் மூண்டு தரம், எங்க நிக்கிறியள் (கோவளம் வெளிச்சவீட்டுக்கு மேற்க இத்தினை கிலோமீற்றர் எண்டாலும் காணும்), என்ன நடந்தது, எத்தினை பேர், கடைசியில ஓவர். ஓவர் சொல்லி பட்டனை விட்டாத்தான் மற்றவர் கதைக்கலாம், ரண்டு பேரும் ஒரே நேரம் கதைக்கேலாது, கலியாண வீட்டில கதைக்கிற மாதிரி இல்லை.

இப்ப கனடா மருமகன்ர கதை. என்ர நிலையைக் கேள்விப்பட்டு, மாமா உங்களுக்கு ஒண்டு கொண்டுவாறன் எண்டு சொல்லி வெதர் அலேட், ஜிபிஎஸ், சிவப்பு பட்டன் எல்லாம் உள்ள செட் ஒண்டு கொண்டுவரப் பாத்தவர். நல்ல பிள்ளை. ஆனா அந்த வெதர் சனலுகள் வட அமெரிக்காவுக்கு உரியது, இஞ்ச போட்டா இரைச்சல்தான் கேக்கும், வாடைக்காற்று எப்ப மாறும் எண்டு சொல்லாது. அதோட சனல் அமைப்பு அமெரிக்கா, கனடா, இன்டர்நஷனல் எண்டு மூண்டு விதமா இருக்கும், இஞ்ச இன்டர்நஷனலில போடவேணும், 16 எல்லாத்திலயும் ஒண்டுதான், மற்றதுகளில சிலது மாறும். சிவப்பு பட்டன் எண்டது டிஎஸ்சி, மூடியைத் திறந்து அமத்திப் பிடிச்சா 70 ஆம் சனலில உங்கட அடையாள நம்பரையும் நிக்கிற இடத்தையும் தானாவே அனுப்பும், பதில் வாற மட்டும் நாலு நிமிசத்துக்கு ஒருக்கா திருப்பித் திருப்பி அனுப்பும், நினைவு தப்பிக் கிடந்தாலும். உண்மையிலயே பெரிய விசயம். ஆனா அந்த 9 இலக்க நம்பரைச் செட்டுக்க போடாட்டி அந்தப் பட்டன் வேலை செய்யாது, இலங்கை நம்பர் 417 இல தொடங்கும், கனடாவில பதிஞ்ச நம்பரோட காரைநகரில அமத்தினா அங்கத்தைய பதிவைப் போய்ப் பாப்பினம். காசிருந்தா ஜிபிஎஸ் உள்ளதை வாங்குங்கோ, ஆகக் குறைஞ்சது அட்சரேகை தீர்க்கரேகையை வாயால வாசிக்கலாம். இல்லாட்டி சாதாரண மிதக்கிற செட் காணும், இதுக்காகக் கடன்படாதேங்கோ.

பற்றரி பற்றிச் சுருக்கமா. பெட்டியில 10 மணித்தியாலம் 11 மணித்தியாலம் எண்டு போட்டிருப்பினம், அது நூறில 5 பங்கு நேரம் கதைச்சு 5 பங்கு கேட்டு மிச்ச 90 பங்கும் சும்மா கிடந்தா வாற கணக்கு. பெரிய பவரில விடாமக் கதைச்சா அதில கிட்டவும் வராது. கிட்ட நிக்கிற ஆளோட கதைக்க 1 வாட் காணும், செட்டில மாத்திற பட்டன் இருக்கு. சில மொடலுக்குச் சாதாரண கடைப் பற்றரி போடுற கூடு கிடைக்கும், எனக்கு அது பிடிக்கும், ஏனெண்டா 2022 இல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினதை நான் மறக்கேல்ல, அதுக்கு முதல் 90 களில டோர்ச் பற்றரிக்கே தடை போட்ட காலத்தில சைக்கிள் டைனமோவைச் சுத்திச் செய்தி கேட்டு வளர்ந்த சனம் நாங்கள். கரைக்கு வந்த உடன நல்ல தண்ணியில கழுவித் துடையுங்கோ, முக்கியமா சார்ஜ் போடுற இடத்தை.

லைசன்ஸ் கதையைக் கடைசியில வச்சன், ஏனெண்டா இதில வாசிக்கிற ஆக்கள் பக்கத்தைப் புரட்டிப்போடுவினம். 1991 ஆம் ஆண்டு 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டப்படி இஞ்ச இப்பிடி ரேடியோ பாவிக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின்ர அனுமதி வேணும். சூட்கேசுக்க போட்டுக் கொண்டுவாறது வேலைக்கு ஆகாது, எயார்போட்டில பிடிச்சு வச்சிருப்பினம், மருமகனை அதாலதான் கொண்டுவரவேண்டாம் எண்டனான். வடக்கில வாக்கி டாக்கியோட கடலுக்குப் போற ஆளை நேவி மறிச்சு விசாரிக்கிறது அதிசயமில்லை, லைசன்ஸ் கொப்பி ஒண்டை லமினேற் பண்ணி வள்ளத்தில வையுங்கோ. என்னை ரண்டு தரம் மறிச்சவை, கொப்பியைக் காட்ட ஒரு தரம் தேத்தண்ணியும் தந்தவை.

இதெல்லாம் சரி ஐயா, நான் கூப்பிட்டா ஆர் கேக்கிறது? அதுதான் எனக்குப் பெரிய கவலை. இஞ்ச சின்ன வள்ளங்களில விஎச்எஃப் வச்சிருக்கிற ஆக்களை விரல்விட்டு எண்ணலாம், எல்லாரும் போன்தான். தேத்தண்ணிக் கடையில ஒருத்தர் என்னைக் கேட்டார், வல்வெட்டித்துறையில கட்டின அன்னபூரணிக் கப்பல் 1938 இல அமெரிக்காவின்ர குளோஸ்டர் துறைமுகம் மட்டும் பாயோட போனதே, அதில போன எங்கட ஆக்கள் வாக்கி டாக்கியோ கொண்டுபோனவை எண்டு. அது ரண்டு பாய்மரம் உள்ள கப்பல், போனவை பழகின மாலுமிகள், என்ர வள்ளத்தில நானும் ஒரு தண்ணிப் போத்திலும் எண்டு சொன்னன், ஆக்கள் சிரிச்சவை. ஆனா மேல போட்ட கணக்கைத் திருப்பிப் பாருங்கோ. ஒரு கடற்றொழிலாளர் சங்கக் கட்டிடத்தில முறைப்படி அனுமதி எடுத்துத் தென்னை உயரத்துக்கு, 16 மீற்றர் எண்டு வையுங்கோ, ஒரு அன்டெனா கட்டி, பகலில ஒரு ஆள் 16 ஆம் சனலைக் கேட்டுக்கொண்டிருந்தா 20 கிலோமீற்றருக்குள்ள நிக்கிற எங்கட சின்னச் செட்டுக்கெல்லாம் ஒரு காது கிடைக்கும். நான் 6 வாட் வாங்கினாலும் 60 வாட் வாங்கினாலும் அந்தக் காது இல்லாட்டி சரி வராது. சங்கங்களில இருக்கிற ஆராவது இதை வாசிச்சா யோசிக்கட்டும், கணக்குப் போட்டுத் தர நான் வாறன், காசு வேண்டாம்.

அந்தத் தம்பி காரைநகர்ப் பக்கம் வந்தா வீட்டுக்கு வரச் சொல்லுங்கோ, தொட்டியில தண்ணி நிரப்பி வச்சிருக்கிறன், செட்டைக் கொண்டுவரட்டும்.

இப்படிக்கு,
பழைய கணக்கு வாத்தியார்,
காரைநகர்.