வெள்ளத்தின் மேல் வீற்றிருக்கிறவருக்கும், வெள்ளத்தில் இறங்கி வந்த உங்களுக்கும்

ஏரல் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் எங்கள் குடும்பத்தாரின் ஸ்தோத்திரமும் வணக்கமும். எங்கள் சபையாருக்கும், கோயிலுக்குப் போகிற அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும், காயல்பட்டினத்து லாத்தாமாருக்கும் (முஸ்லிம் அக்காமாருக்கும்), பெயர்கூடச் சொல்லாமல் வந்துபோன பிள்ளைகளுக்கும் இந்த மடல். ஆலயத்தில் எழுந்து நின்று சாட்சி சொல்லியாகிவிட்டது. ஆனால் நான் நன்றி சொல்ல வேண்டியவர்களில் பாதிப்பேர் அன்று அங்கே இல்லை.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனைக்குப் போகும்போதே மழை பிடித்துவிட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 என்று பிறகுதான் கேள்விப்பட்டோம். எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் வழக்கமாக ஒரு வருஷம் முழுக்கப் பெய்தாலும் 95 சென்டிமீட்டர் வராது. அணைகளில் திறந்த தண்ணீரும், உடைந்த குளங்களின் தண்ணீரும், வானத்துத் தண்ணீரும் தாமிரபரணியில் ஒன்றாகச் சேர்ந்தன. கரண்ட் போனது, செல்போன் டவர் போனது. எங்கள் கடை ஷட்டருக்குள்ளே ஆறு புகுந்தது.

ஜவுளி வியாபாரம் தெரிந்தவர்களுக்கு டிசம்பர் என்றால் என்னவென்று தெரியும். எங்கள் பகுதியில் கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி எடுக்காத வீடு கிடையாது, அதை அடுத்துப் பொங்கல். வருஷத்து வியாபாரத்தில் பெரும்பங்கு அந்த ஒரு மாதத்தில்தான். ஈரோட்டிலிருந்து கடனுக்கு எடுத்த சேலைப் பண்டல்கள் பல இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தன. தண்ணீர் வடிந்து ஷட்டரைத் தூக்கியபோது சேலை எது, வேட்டி எது என்று தெரியாதபடி எல்லாம் ஒரே சகதி. சிவப்புச் சாயம் வெள்ளை வேட்டியில் இறங்கியிருந்தது. கணக்கு நோட்டுகள் ஊறிப் பிய்ந்துபோயிருந்தன. யார் எங்களுக்குத் தர வேண்டும் என்பதற்கு அத்தாட்சி எதுவும் மிஞ்சவில்லை.

அந்த இரவில் எங்களையும், எழுந்து நடக்க முடியாத என் மாமியாரையும் தங்கள் மாடிக்கு ஏற்றிக்கொண்ட பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கும் மதினிக்கும் முதல் நன்றி. அத்தையை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்தீர்கள். உங்கள் வீட்டிலும் அரிசி மூட்டை நனைந்துகொண்டிருந்தது. அதை விட்டுவிட்டுத்தான் வந்தீர்கள்.

லாரியில் பைபர் படகை ஏற்றிக்கொண்டு கடற்கரை ஊர்களிலிருந்து வந்த மீனவச் சகோதரர்களுக்கு நன்றி. கடலில் ஓட்டுகிற படகைத் தெருவுக்குள், மின்கம்பிகளுக்கு இடையே ஓட்டினீர்கள். அத்தைக்கு இன்சுலின் தீர்ந்துபோனது என்றதும் எங்கேயோ போய்ச் சுகாதார நிலையத்துச் சிஸ்டரையே படகில் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். காசு கொடுக்கப் போனபோது உங்களில் பெரியவர் ஒருவர் என் மகனின் தலையில் கையை வைத்துவிட்டு எஞ்சினை முடுக்கிக் கிளம்பிவிட்டார். சிஸ்டர், உங்களுக்கும் நன்றி. உங்கள் சொந்த வீட்டு நிலைமை என்னவென்றே தெரியாமல் நீங்கள் ஊசி போட்டுக்கொண்டிருந்ததாகப் பின்னால்தான் தெரிந்தது.

மாடியில் இருந்தபோது அத்தை அடிக்கடி சொன்ன வசனம் ஒன்று உண்டு: "கர்த்தர் ஜலப்பிரவாகத்தின்மேல் வீற்றிருக்கிறார்." பைபிளில் 29ஆம் சங்கீதம். சிறுமியாக ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் பண்ணியது. "மக்கா, தண்ணிக்கு மேல அவரு இருக்காரு, பயப்படாத" என்பார்கள். கீழே எங்கள் பிழைப்பு மிதந்து போய்க்கொண்டிருந்தது. அப்போது அந்த வசனம் எனக்கு ஆறுதலாக இருந்ததென்று சொன்னால் அது பொய். மேலே இருக்கிறவர் ஏன் தண்ணீரை நிறுத்தவில்லை என்றுதான் மனசுக்குள் கேட்டேன். இன்றுவரை அதற்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை. பதில் இல்லாமலேயே அவர் சிங்காசனத்தை விட்டு இறங்கவில்லை என்று விசுவாசிக்கிறேன். பைபிளில் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து தவித்த யோபுக்கும் காரணம் சொல்லப்படவில்லையே.

போனில் கூப்பிட்டு, "ஏதோ காரணம் இல்லாமல் கர்த்தர் இப்படி அடிக்கமாட்டார், உங்களை ஆராய்ந்து பாருங்கள்" என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் எருசலேமில் சீலோவாம் என்ற இடத்தில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைச் சொல்லி, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களோ என்று ஆண்டவர் இயேசுவே கேட்டிருக்கிறார். அன்றைய வெள்ளம் ஆலயத்துக்குள்ளும் வந்தது, பள்ளிக்கூடத்துக்குள்ளும் வந்தது. வீடு இடிந்தவர்களும் உயிரைப் பறிகொடுத்தவர்களும் எங்களைவிடக் கெட்டவர்களா? "எங்களைக் காப்பாற்றினார்" என்று சாட்சி சொல்லும்போது அவர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நினைத்தே பேசுகிறேன்.

இதற்கு மாறாக, வந்து ஒன்றுமே சொல்லாமல் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் ஐக்கியச் சங்கத்து அக்காமாரை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். யோபின் சிநேகிதர்களும் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஏழு நாள் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் உருப்படியான காரியம் அதுதான் என்று எனக்குத் தோன்றும். நீங்கள் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துணி அலச ஆரம்பித்தீர்கள். எதெது தேறும், எதெது தேறாது என்று பிரித்துப் போட்டீர்கள். தேறியது கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்தை வைத்துத்தான் கடையை மறுபடி திறந்தோம்.

பாளையங்கோட்டையிலிருந்து மண்வெட்டியோடு வந்த கல்லூரிப் பிள்ளைகளே, கடைக்குள் கிடந்த வண்டலைப் பாண்டில் சுமந்து தெருவில் கொட்டினீர்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தில் பாதியை எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்தீர்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்த் தம்பிமார் மூட்டை மூட்டையாகத் துணி கொண்டுவந்து சபைப் பிள்ளைகளுக்கு அளவு பார்த்துக் கொடுத்தார்கள். ஜவுளிக்கடைக்காரர் பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு உடுத்தியதும் அந்தத் துணிதான். காயல்பட்டினத்திலிருந்து வந்த லாத்தா, நீங்கள் எங்கள் கடையின் பழைய வாடிக்கை. உங்கள் வீட்டிலேயே தண்ணீர் நின்றது. ஆனாலும் வழி திறந்ததும் வந்து, எங்கள் நோட்டு அழிந்துபோனது தெரிந்தும், உங்கள் பாக்கியை நீங்களே கணக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். உங்களைப் பார்த்து இன்னும் பலர் வந்து கொடுத்தார்கள்.

ஈரோட்டு மொத்த வியாபாரி ஐயா, "சரக்குப் பணத்தை அப்புறம் பேசலாம், முதல்ல வீட்டைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பொங்கலுக்கு இன்னொரு லோடும் அனுப்பினீர்கள். உங்களிடம் வாங்கிய தொகை முழுவதும் இந்தக் கார்த்திகையில் தீர்ந்தது. அந்தச் செய்தியை இங்கே எல்லாரும் அறியச் சொல்வது எங்கள் கடமை.

ஒரு துக்கத்தையும் சொல்ல வேண்டும். அத்தை 2024 பிப்ரவரியில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். வெள்ளத்திலிருந்து தூக்கி வந்தீர்களே, மருந்து கொண்டுவந்தீர்களே, எல்லாம் வீணாகிவிட்டதோ என்று யாரும் நினைக்க வேண்டாம். பிள்ளைகள் சுற்றி நிற்க, தன் கட்டிலில், பாமாலை கேட்டுக்கொண்டே போனார்கள். அந்த மரணத்தை அவர்களுக்குக் கொடுத்தது நீங்கள்.

எல்லாம் கர்த்தர் செய்தது என்றால் மனுஷருக்கு ஏன் இவ்வளவு நன்றி என்று என் மகள் கேட்டாள். ரோமர் நிருபத்தை எடுத்துக் காட்டினேன். தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்று 8ஆம் அதிகாரத்தில் எழுதிய அதே பவுல், 16ஆம் அதிகாரம் முழுக்க ஆட்களின் பெயராக எழுதுகிறார். பெபேயாள், தனக்காகக் கழுத்தைக் கொடுத்த பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா, தனக்கும் தாயாக இருந்த ரூபுவின் அம்மா. சகலத்தையும் நடத்துகிறவர் தேவன் என்று அவரைவிட உறுதியாகச் சொன்னவர் யார்? அவரே ஒருவரையும் விடவில்லை. நான் எப்படி விடுவேன்? உங்களில் பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால்தான் இங்கே போடவில்லை. எங்கள் குடும்ப ஜெபத்தில் ஒவ்வொரு பெயரும் இருக்கிறது. பெயர் தெரியாதவர்களைப் படகுக்கார அண்ணன், ஊசி போட்ட சிஸ்டர் என்று சொல்லி ஜெபிக்கிறோம்.

கடைசியாக ஒரு காரியம். அந்த நாட்களில் சாப்பாடு வந்த தூக்குச்சட்டிகள், போணிகள், மூடியில் மட்டும் எழுத்து வெட்டிய ஒரு பெரிய குத்துப்போணி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. விளக்கி வைத்திருக்கிறோம். கடை காலை 9 மணிக்குத் திறக்கும். அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு வாய் காபியும் குடித்துவிட்டுப் போகலாம்.