மாற்றத்தை ஏற்கும் முன் சோதனையை ஓட்டுங்கள்

மதிப்பிற்குரிய பராமரிப்புக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் மென்பொருள் தொகுப்பில் வெப்பம் எப்படிப் பரவும் என்று கணக்கிடும் நிரலான வெப்பப் பரவல் தீர்வியில் நடந்தது என்னவென்று உங்களுக்குத் தெரியும். பிழை அறிக்கையைப் பதிந்தவன் நான். இரண்டே நாளில் திருத்தியவர்கள் நீங்கள். அதற்கு நன்றி. ஆனால் அந்தத் திருத்தத்தோடு விஷயம் முடிந்தது என்று நீங்கள் அந்த அறிக்கையை மூடியதை என்னால் ஏற்க முடியவில்லை.

பிழையைக் கண்டுபிடித்த இரவைச் சொல்கிறேன். சந்தேகம் வந்ததும் எங்கள் பெரிய கணினி மாதிரியை ஒதுக்கிவிட்டு, வெறும் பத்துக் கட்டங்கள் கொண்ட ஒரு பெட்டியை அமைத்தேன். நான்கு புறமும் வெப்பம் புகாத சுவர். முதல் கட்டத்தில் 100 அலகு வெப்பம், மற்றவற்றில் பூச்சியம். வெப்பம் உள்ளுக்குள் எப்படிப் பரவினாலும் மொத்தம் 100 ஆகவே இருந்தாக வேண்டும். 200 படிகள் ஓட்டிக் கூட்டிப் பார்த்தேன்: 73 சொச்சம். கால் பங்குக்கும் மேல் காணோம். வேகப்படுத்துவதற்காக நீங்கள் மாற்றி எழுதிய சுழற்சி, அதாவது கட்டங்களை ஒவ்வொன்றாகக் கணக்கிடும் நிரல் பகுதி, ஒரு கட்டம் முன்னதாகவே நின்றுவிட்டது. கடைசிக் கட்டத்துக்குப் போன வெப்பம் எந்தக் கணக்கிலும் சேரவில்லை. லட்சக்கணக்கான கட்டங்கள் உள்ள எங்கள் மாதிரியில் இந்தக் கசிவு மெதுவாக நடந்ததால் படத்தைப் பார்த்து யாருக்கும் ஐயம் எழவில்லை.

அந்தப் பெட்டியை அமைத்துக் கூட்டிப் பார்க்க எனக்குத் தேவைப்பட்டது எட்டு வரி நிரல். ஓட ஒரு நொடிகூட ஆகவில்லை.

எங்கள் குழு மாணவி ஒருவர் இந்தத் தீர்வியை நம்பி மூன்று மாதம் கணக்குகளை ஓட்டியிருந்தார். ஆய்விதழுக்கு அனுப்பியிருந்த கட்டுரையைத் திரும்பப் பெற அவரே கடிதம் எழுதினார். 'பயன்படுத்திய மென்பொருளில் பிழை' என்று குறிப்பிடலாமா என்று என்னிடம் கேட்டார். தாராளமாக எழுதுங்கள் என்றேன். சற்று நேரம் கழித்து அந்த வரியை அழித்துவிட்டு, 'எங்கள் கணக்கில் பிழை' என்று மாற்றினார். நிரலைத் தேர்ந்தெடுத்தது நாம்தானே என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்க வேண்டும்.

என் கோரிக்கை ஒன்றுதான். எந்த மாற்றமும் முதன்மைக் கிளையில், அதாவது எல்லாரும் பயன்படுத்தும் மூல நிரலில், சேரும் முன், விடை சரிதானா என்று பார்க்கும் இதுபோன்ற சிறு சோதனை நிரல்கள் தாமாக ஓட வேண்டும். ஒன்று தோற்றாலும் இணைக்கும் பொத்தான் பூட்டப்பட வேண்டும். தொகுப்பில் சோதனைகளுக்கென்று ஓர் அடைவு (கோப்புறை) இருக்கிறது. அதிலுள்ளவற்றை என் கணினியில் ஓட்டினேன். ஏறக்குறைய பாதி தோற்றன. சில, நீங்கள் எப்போதோ பெயர் மாற்றிவிட்ட செயற்கூறுகளை இன்னும் அழைத்துக்கொண்டிருக்கின்றன. யாரும் ஓட்டாத சோதனைக்கு இதுதான் கதி.

மிதவைப் புள்ளிக் கணக்கு, அதாவது கணினி தசம எண்களைத் தோராயமாகக் கையாளும் முறை, கணினிக்குக் கணினி மாறும், எனவே சோதனை பொய்யாகத் தோற்கும் என்று முன்பு ஒருமுறை பதில் சொன்னீர்கள். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும் என்பது எங்களுக்கும் தெரியும். அதற்காகத்தான் ஒப்பீட்டில் சகிப்பளவு, அதாவது பொறுத்துக்கொள்ளக்கூடிய சிறு வித்தியாசம், வைக்கிறோம். கடைசி இலக்கத்தின் நடுக்கமும் கால் பங்கு வெப்பம் மறைவதும் ஒன்றாகுமா? கணினி மாறினால் விடை மாறும் என்ற அச்சம் உண்மையாக இருந்தால், விண்டோஸ், லினக்ஸ் போன்ற பல இயங்குதளங்களில் சோதனையை ஓட்ட அதுவே முதல் காரணம். 2019-இல் வேதியியலில் பலர் பயன்படுத்திய, பைதான் மொழியில் எழுதிய நிரல்கள் சில, இயங்குதளத்துக்கு ஒரு விடை தந்தது வெளிவந்தது. கோப்புகளின் பட்டியல் எல்லாக் கணினியிலும் ஒரே வரிசையில் வரும் என்று நிரல் நம்பியிருந்தது, அவ்வளவே. அதற்கு முன் 2006-இல், தரவின் இரண்டு நெடுவரிசைகளை இடம் மாற்றிய ஒரு நிரலால், புரத அமைப்புகளை ஆராயும் ஜெஃப்ரி சாங்கின் ஆய்வுக்குழு ஐந்து புரதக் கட்டமைப்புக் கட்டுரைகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. அவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்லர். விடை பார்க்கச் சரியாக இருந்தது.

நேரம் இல்லை என்கிறீர்கள். நம்புகிறேன். ஆய்வுக்கு நிதி தருபவர்கள் கட்டுரைகளை எண்ணுகிறார்கள். அந்தக் கட்டுரைகளைத் தாங்கி நிற்கும் நிரலைப் பராமரிப்பவருக்கு ஒரு மாதச் சம்பளம் தரவும் யோசிக்கிறார்கள். புதிய வசதி சேர்த்தவருக்குப் பெயர் கிடைக்கிறது, பழையது உடையாமல் காத்தவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. இது உங்கள் குற்றம் இல்லை என்பதை அறிவேன். ஆனாலும் அந்த அநீதியின் விலையை ஒரு மாணவியின் மூன்று மாதம் கட்டியிருக்கிறது. கோபம் வரிகளில் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்கவில்லை. நொடிகளில் முடியும் சிறு சோதனைகள் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓடட்டும். நீண்டவை இரவில் ஓடட்டும். தோற்கும் பழைய சோதனைகளை நானே செப்பனிட்டுத் தருகிறேன். பத்துக் கட்டப் பெட்டியைச் சோதனையாக எழுதி, தானாக ஓடுவதற்கான அமைப்புக் கோப்பையும் சேர்த்து ஆறு வாரங்களுக்கு முன் அனுப்பியிருக்கிறேன். இதுவரை யாரும் திறந்து பார்க்கவில்லை. அதே ஆறு வாரங்களில் தீர்வியில் பதினொரு மாற்றங்கள் இணைக்கப்பட்டிருக்கின்றன.

அடுத்த பதிப்பு வெளிவரும் முன் நான் அனுப்பியதைப் பார்த்து இணைத்துவிடுங்கள். சோதனை ஓடாமல் எந்த மாற்றத்தையும் ஏற்காதீர்கள். பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தொகுப்பைத் தொடர்ந்து பயன்படுத்திவரும் ஆய்வாளர் ஒருவர்