அவசரம் இல்லாதபோது அந்த விளக்கை அணையுங்கள்

மாவட்ட நெடுஞ்சாலை ரோந்துப் பிரிவு அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். நான் தனியார் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். உங்கள் எல்லைக்குள் வரும் நான்குவழிச் சாலையில்தான் என் பிழைப்பு. உங்கள் காவலர்களோடு சேர்ந்து விபத்து நடந்த இடங்களில் ஸ்ட்ரெச்சர் தூக்கியிருக்கிறேன். அந்த உரிமையில் கேட்கிறேன்: அவசரம் இல்லாத நேரத்தில் ரோந்து வண்டியின் மேலுள்ள சிவப்பு, நீல விளக்கை அணைத்து வைக்கச் சொல்லுங்கள்.

போன வாரம் இரவு, தலையில் அடிபட்ட ஒருவரை ஏற்றிக்கொண்டு போனேன். வலது ஓரத்தில் போன கார் கடைசிவரை விலகவில்லை. கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டவருக்கு, சைரன் நெருங்கி வந்தால்தான் கேட்கும்; முதலில் தெரிவது விளக்குத்தான். சுங்கச்சாவடி நெரிசலில் அவர் பக்கத்தில் நிற்க நேர்ந்தபோது, ஏன் வழிவிடவில்லை என்று கேட்டேன். “போலீஸ் வண்டி என்று நினைத்துவிட்டேன் அண்ணே. அது சும்மாவே போட்டுக்கொண்டுதானே வரும்?” என்றார். எனக்குப் பின்னால் அடிபட்டவரின் மனைவி குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார். கார்க்காரரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவருக்குப் 10,000 ரூபாய் அபராதம் என்று 2019 சட்டத்திருத்தம் சொல்கிறது. நல்லது. ஆனால் டீக்கடை வாசலில், உள்ளே ஆளே இல்லாத வண்டியின் மேல் அதே விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தால், எதற்கு விலகுவது, எதற்கு விலக வேண்டாம் என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அதைப் பார்த்து விபத்து என்று நினைத்து லாரிக்காரர் திடீரென பிரேக் பிடிக்கிறார். அவருக்குப் பின்னால் நோயாளியோடு வருகிறவன் நான்.

காவல் வண்டி நிற்பது தெரிந்தால் வேகம் குறையும் என்பீர்கள். நியாயம்தான். அமெரிக்காவில் சில நகரங்களில் சாதாரண ரோந்துக்குச் சிமிட்டாத மங்கலான விளக்கையும், அவசரத்துக்கு மட்டும் சிமிட்டும் விளக்கையும் போடுகிறார்கள். அந்தச் செலவுகூட வேண்டாம். வண்டியைச் சுற்றி ஒளிரும் பட்டை ஒட்டினாலே தூரத்திலிருந்து தெரியும்.

2017 மே 1 முதல் அமைச்சர்களின் கார்களிலேயே சிவப்பு விளக்கு போய்விட்டது. போனது எங்கே என்று தேட வேண்டியதில்லை. கட்சிக் கொடி கட்டிய கார்களின் முகப்பில் நீலத்தையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு மின்னுகிறது. அவற்றை நிறுத்திக் கேட்க வேண்டியவர்கள் சல்யூட் வைத்து அனுப்புவதையும் பார்த்திருக்கிறேன். அது பெரிய இடத்து விவகாரம். நான் கேட்க வந்தது அதுவல்ல, பொறுத்துக்கொள்ளுங்கள்.

குற்றவாளியை விரட்டும்போதும் விபத்து நடந்த இடத்தில் நிற்கும்போதும் தாராளமாகப் போடட்டும். மற்ற நேரத்தில் அணைக்கட்டும். இதற்கு அரசாணை தேவையில்லை. பணி மாறும் நேரத்தில் வயர்லெஸ்ஸில் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தயவுசெய்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்