அந்தோணி எர்வினுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய அந்தோணி எர்வின் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் நீச்சலை விட்டு விலகியிருந்த ஆண்டுகளை வீணாய்ப் போன காலமாகக் கருதுவோர் பலர். அந்தக் கணக்கில் எனக்கு உடன்பாடில்லை என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கின் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இறுதிப் போட்டியில், பத்தொன்பது வயதில், சக அமெரிக்க வீரர் கேரி ஹால் ஜூனியரும் நீங்களும் 21.98 விநாடியில் சுவரைத் தொட்டீர்கள். இருவருக்குமே தங்கம் கிடைத்தது. ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளந்திருந்தால் உங்களில் ஒருவருக்கு வெள்ளிதான் வாய்த்திருக்கும். 1972இல் மியூனிக்கில் ஒரு தங்கம் 0.002 விநாடி வித்தியாசத்தில் கைமாறியதற்குப் பிறகு, குளத்தின் சுவர்களையே அவ்வளவு துல்லியமாகக் கட்ட இயலாது என்று உணர்ந்து, நூறில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டார்கள். நல்ல விதி என்பேன்.

மறு ஆண்டு ஃபுகுவோகா உலக சாம்பியன்ஷிப்பில் 50, 100 மீட்டர் இரண்டிலும் வென்றுவிட்டு, இருபத்திரண்டு வயதில் விலகினீர்கள். 2004 டிசம்பரில் எங்கள் கடற்கரையையும் சுனாமி தாக்கிய பின், சிட்னிப் பதக்கத்தை ஈபே என்ற இணைய ஏலத் தளத்தில் 17,101 டாலருக்கு விற்று, அந்தப் பணத்தை நிவாரணத்துக்குக் கொடுத்தீர்கள். நாகப்பட்டினத்தை நேரில் பார்த்த எங்களில் எத்தனை பேருக்கு இச்செய்தி தெரியும் என்பது ஐயமே. பிறகு சிறுவர்களுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தீர்கள். விட்ட பட்டப்படிப்பை பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முடித்தீர்கள்.

மீண்டும் பயிற்சிக்கு வந்து 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அதே 50 மீட்டரில் ஐந்தாம் இடம் பெற்றபோது, கதை அத்துடன் முடிந்ததென்றே நானும் எண்ணினேன். ஆனால் 2016இல் ரியோவில், முப்பத்தைந்து வயதில், நடப்புச் சாம்பியனான ஃப்ளோரான் மனாடூவின் 21.41 விநாடிக்கு எதிராக 21.40இல் தொட்டீர்கள். அந்த வேகத்தில் 0.01 விநாடி என்பது ஏறத்தாழ இரண்டேகால் சென்டிமீட்டர், அதாவது நீட்டிய விரலின் ஒரு கணு. நீச்சலில் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் வென்றவர்களில் அன்று நீங்களே மூத்தவர் ஆனீர்கள்.

பத்தொன்பது வயதில் நீந்தியதைவிட அது 0.58 விநாடி வேகம். பின்காலை ஊன்றிக்கொள்ளச் சாய்வுப் பலகை வைத்த புதிய தொடக்க மேடையும் ஓரளவு உதவியிருக்கும்தான். ஆயினும், இடைவிடாமல் நீந்தியிருந்தால் முப்பத்தைந்து வரை தோள்களும் மனமும் தாக்குப்பிடித்திருக்குமா என்பதை, அந்த ஆண்டுகளை வீண் என்பவர்கள் உங்களிடமே கேட்டுப் பார்க்கட்டும்.

அன்புடன்,
ஒரு வாசகன்