கணினி நிலையப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

வணக்கம். கடந்த ஞாயிறு இரவு ஹட்டனிலிருந்து, தேயிலைத் தோட்டமொன்றின் பழைய மழைப் பதிவேட்டில் ஒரு மாதக் கணக்கை உங்கள் ஹடூப் சேமிப்பகத்தில், அதாவது கோப்புகளைப் பல கணினிகளில் பிரித்து வைக்கும் சேமிப்பகத்தில், ஏற்ற முயன்றேன். ஒரு கிலோபைட்கூடத் தேறாத அந்தக் கோப்பு, ஒதுக்கீடு (எனக்கென்று வகுத்த இட அளவு) மீறப்பட்டதாகத் திரும்பி வந்தது. மீதி இடத்தைக் காட்டும் ‘கவுண்ட்’ கட்டளையைக் ‘கியூ’ தெரிவோடு இட்டுப் பார்த்தால், இன்னும் 300 மெகாபைட் மீதி என்று அதே இயந்திரம் சொல்கிறது.

இடம் உண்மையிலேயே போதவில்லை என்று நம்பி, பதிவேட்டுப் பக்கங்களின் 20 கிகாபைட் படங்களை அழித்தேன். மீதி ஒரு பைட்டும் கூடவில்லை. அழித்தவை என் கணக்கிலேயே குப்பைக் கோப்புறைக்குள் கிடந்தன. குப்பைக்குப் போகாமல் அடியோடு அழிக்கும் ‘ஸ்கிப்டிராஷ்’ தெரிவைச் சேர்த்து அங்கிருந்தும் அழித்த பிறகே கோப்பு ஏறியது.

காரணம் இரண்டு நாள் கழித்துத்தான் விளங்கியது. எழுதத் தொடங்கும்போது கோப்பு எவ்வளவு சிறிதானாலும் 128 மெகாபைட் கொண்ட முழுத் தொகுதிக்கு (கோப்பைத் துண்டாக்கி வைக்கும் அலகு), அதுவும் சேமிப்பகம் வைக்கும் மூன்று பிரதிகளுக்குமாக, 384 மெகாபைட் இருக்கிறதா என்று சேமிப்பகம் பார்க்கிறது. எனக்குப் போதாமல் இருந்தது 84 மெகாபைட் மட்டுமே. ஒவ்வொரு மெகாபைட்டும் மூன்று பிரதிகளாக எண்ணப்படுவதால் 28 மெகாபைட்டை அழித்திருந்தால் போதும். ‘செட்ரெப்’ கட்டளையால் சில கோப்புகளின் பிரதிகளை இரண்டாகக் குறைத்திருந்தால் அதுவும் வேண்டியதில்லை. இனி மஸ்கெலியாவுக்கு பஸ் ஏறி, தொட்டால் உதிரும் தாள்களை மறுபடி விரித்து, அங்குலக் கணக்கில் எழுதிய மழையை ஒவ்வொரு பக்கமாகப் படம்பிடிக்க வேண்டும்.

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான்: ஒதுக்கீட்டை எப்படி எண்ணுகிறீர்கள் என்பதை எழுதித் தாருங்கள்.

கொழுந்து மடுவத்தில் சாக்குக்கென்றும் தண்ணீருக்கென்றும் கிலோ கழிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அங்கேயாவது கழிப்பதை வாயால் சொல்வார்கள். உங்கள் வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லும் அறிவித்தல் மூன்று மொழிகளிலும் அழகாக ஒட்டப்பட்டிருக்கிறது. கோப்புகளை இழக்காமல் காக்கும் கட்டளைகளுக்கு ஒரு மொழியிலும் ஒரு தாள் இல்லை. மன்னிக்கவும், செருப்பைப் பற்றி எழுத வரவில்லை.

ஒதுக்கீட்டைக் கூட்டும் அதிகாரம் உங்களிடம் மட்டும் இருப்பது முறைதான். அதைக் கூட்டித் தரும்படியும் நான் கேட்கவில்லை. எண்ணும் விதத்தையும், பயனர் தாமே இடக்கூடிய நான்கைந்து கட்டளைகளையும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாளில் தாருங்கள். அடுத்த பதிவேட்டுக் கட்டை நான் அவிழ்ப்பதற்கு முன் அது கிடைக்குமானால் மிகவும் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
மழைக் கணக்கு ஏற்றும் பயனர் ஒருவர்,
ஹட்டன்