மாவைப் பிள்ளைகள் கலக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விடுமுறையில் பிள்ளைகளைக் கைப்பேசியிலிருந்து விலக்கி வைக்கும் வழிகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில் சமையலறைக்கு இடமே இல்லாதது எனக்குக் குறையாகப் பட்டது. தோல் கறுத்துப்போன பூவன் பழங்களை மசித்து, என் 8 வயது மகளும் 5 வயது மகனும் வீட்டிலேயே மஃபின் செய்கிறார்கள். மைதாவையும் சோடா உப்பையும் சலிப்பது மூத்தவளின் வேலை. பழம், முட்டை, தயிர், எண்ணெய், சர்க்கரையைக் கலக்குவது இளையவனின் வேலை.

இரண்டையும் சேர்த்தபின், அங்கங்கே கட்டி தெரிந்தாலும், மாவு நனையும் அளவுக்கு மட்டும் கிளறி நிறுத்திவிட வேண்டும். முதல் முறை இருவரும் போட்டி போட்டுக்கொண்டு அடித்ததில் மைதாவின் பசை இறுகி, மஃபின் ரப்பர் பந்தாக வந்தது. (அதையும் என் மாமனார் காபியில் தோய்த்துச் சாப்பிட்டு முடித்தார்.) தயிரின் புளிப்பு பட்டதும் சோடா உப்பு நுரைத்துக் குமிழி விடுவதையும், 180 டிகிரி சூட்டில் மாவு மெல்ல மேலெழுந்து 20 நிமிடங்களில் பொன்னிறமாவதையும், பாடநூலில் படிப்பதற்கு முன்பே பிள்ளைகள் ஓவன் அடுப்பின் கண்ணாடிக் கதவு வழியே பார்த்துவிடுகிறார்கள்.

ஓவன் அடுப்பைத் தொடுவது பெரியவர்கள் மட்டுமே. பச்சை முட்டையும் வேகாத மைதாவும் ஒட்டிய கரண்டியை நக்கவும் நான் விடுவதில்லை.

இத்தகைய குறிப்புகளை, எடைக்கல் தேவைப்படாத டம்ளர் அளவில், தங்கள் சிறுவர் பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
தஞ்சாவூர்.