யூதர்களின் இன்றைய இறையியலையும் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்

தமிழ்நாட்டு இறையியல் கல்லூரி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நம் சபைகளில் யூத மதம் பற்றிப் பேச்செடுத்தால் மோசே, தாவீது, பரிசேயர் என்று போய், கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் இடிந்ததோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகும் யூதர்கள் கடவுளோடு வாதாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாளைய போதகர்களுக்கு அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நாஜிகள் அறுபது லட்சம் யூதர்களைக் கொன்றார்கள். உடன்படிக்கை செய்த கடவுள் அப்போது எங்கே இருந்தார்? வரலாற்றை நடத்தும் கடவுளை இனி நம்ப முடியாது என்று 1966-இல் எழுதினார் ரிச்சர்ட் ரூபன்ஸ்டைன். இத்தனைக்கும் அவர் ஒரு ரபி, அதாவது யூத மத குரு. இன்னொரு ரபியான எலியேசர் பெர்கோவிட்ஸ் அதை ஏற்கவில்லை. மனிதனுக்குச் சுதந்திரம் இருக்க வேண்டுமானால் கடவுள் தம்மை மறைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றார். அதற்கு, தம்மை மறைத்துக்கொள்ளும் தேவன் என்று கடவுளைச் சொல்லும் ஏசாயா 45:15-ஐ எடுத்துக் காட்டினார். நாஜி முகாம்களில் எரியும் குழந்தைகளின் முன் நின்று சொல்ல முடியாத எதையும் இறையியல் என்று சொல்லக் கூடாது என்றார் ரபி இர்விங் கிரீன்பெர்க். துக்க வீட்டில் 'எல்லாம் தேவ சித்தம்' என்று சொல்லக் கிளம்பும் ஒவ்வொரு மாணவரும் இதைக் கேட்டுவிட்டுப் போகட்டும்.

அப்புறம் யாத்திராகமம் 19:15. சீனாய் மலையடிவாரத்தில் மக்களை ஆயத்தப்படுத்தும் மோசே, 'மனைவியினிடத்தில் சேராதிருங்கள்' என்கிறார். அப்படியானால் அவர் பேசுவது ஆண்களிடம் மட்டும்தானே, பெண்கள் உடன்படிக்கைக்குள் இருந்தார்களா இல்லையா என்று 1990-இல் கேட்டார் யூதப் பெண்ணிய இறையியலாளர் ஜூடித் பிளாஸ்கோ. பெண்களின் நினைவும் சேர்ந்தால்தான் தோரா (யூதர்களின் வேதம்) முழுமையாகும் என்பது அவர் வாதம். வைதிக யூதர்கள் பலர் இதை ஏற்க மாட்டார்கள். இருக்கட்டும், அந்தச் சண்டையும் பாடம்தான். பெண்களுக்குக் குருப்பட்டம் தரத் தயங்கும் சபைகள் நம்மிடமும் உண்டே!

மனிதரின் வேதனை கடவுளையும் தொடுகிறது என்று தீர்க்கதரிசிகளை வைத்துச் சொன்ன யூத இறையியலாளர் ஆபிரகாம் ஹெஷல், 1965-இல் அமெரிக்காவின் செல்மாவில் கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காக மார்ட்டின் லூதர் கிங்கோடு நடந்தார். தலித் இறையியல் நடத்தும் வகுப்பில் அவரையும் பேசுங்கள்.

இதற்கென்று தனித்தாள் வேண்டாம். யோபுவை நடத்தும்போது பெர்கோவிட்ஸையும் கிரீன்பெர்க்கையும், யாத்திராகமம் நடத்தும்போது பிளாஸ்கோவையும் சேர்த்து வாசிக்கக் கொடுங்கள். எழுத்துகள் ஆங்கிலத்தில் இருப்பதால் கிராமத்து மாணவர்கள் திணறுவார்கள். முக்கியமான பகுதிகளையாவது தமிழில் சுருக்கிக் கொடுங்கள். வரும் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.

அன்புடன்,
ஒரு சபை உறுப்பினர்